வழக்குக்கு முன் ஒரு வாசல்: கடன் தகராறும் மத்தியஸ்த சபையும்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள களுவாஞ்சிக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் ஒருவர், வாவிக்கு அப்பால் மண்டூர்ப் பக்கத்தில் வேளாண்மை செய்யும் ஒருவருக்குப் பெரும்போகத்துக்கென விதைநெல்லும் யூரியாவும் களைநாசினியும் கடனாகக் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கும் தொகை 280,000 ரூபா. சூடடித்ததும் தருவதாகச் சொல்லியிருந்த விவசாயியின் வயலில் பாதியைத் தை மாத வெள்ளம் கொண்டுபோயிற்று. மீதியில் விளைந்த நெல்லை விற்ற காசு வேறு கடன்களுக்குப் போய்விட்டது. பல தடவை பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்து கேட்டுப் பார்த்தும் பயனில்லாத கடைக்காரர், முடிவில் ஒரு சட்டத்தரணியிடம் சென்று வழக்குப் போடச் சொல்கிறார். கடன் எவ்வளவு, ஆள் யார் என்பவற்றைக் கேட்பதற்கு முன்பே சட்டத்தரணி ஒன்றைக் கேட்பார்: “மத்தியஸ்த சபைக்குப் போனீர்களா?”

போகவில்லையென்றால் அந்த வழக்கை நீதிமன்றம் எடுக்காது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் 7 ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. கடன், நட்டஈடு, சொத்து ஆகியவை பற்றிய தகராறின் பெறுமதி சட்டம் குறித்த எல்லைக்குள் இருந்தால், அது முதலில் மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டும். அங்கே இணக்கம் காணப்படவில்லை என்று சபை தரும் சான்றிதழைக் காட்டினால்தான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அந்த எல்லை 1988 இல் 25,000 ரூபாவாக இருந்தது. பின்னர் இரண்டரை இலட்சமாகவும், 2016 ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஐந்து இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. பணத்தின் பெறுமதி இறங்க இறங்க இந்த எல்லை ஏற்றப்பட்டு வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலிருக்கும் தொகையைப் பிரதேச செயலகத்திலோ சட்டத்தரணியிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. எல்லையைத் தாண்டிய தகராறையும் இரு தரப்பும் விரும்பினால் சபைக்குக் கொண்டுவரலாம். விவாகரத்து, மரணசாசனம், காணிப் பாகப்பிரிவினை போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை.

எங்கள் பக்கத்தில் இதை மத்தியஸ்த சபை என்று சொல்பவர்களைவிட இணக்க சபை என்று சொல்பவர்களே அதிகம். 1958 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் உருவான இணக்க சபைகள் ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தன. அவற்றின் உறுப்பினர் நியமனத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு வலுத்து, 1970களின் இறுதியில் அவை கலைக்கப்பட்டன. பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. அந்தப் பழைய குறையை மனத்தில் வைத்தே 1988 இன் சட்டம் நியமனத்தை அமைச்சரின் கையில் விடாமல், ஐந்து பேரைக் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அந்த ஐவரில் மூவர் உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவர்களாக இருக்கவேண்டும். புதிய சபைகள் 1990 இல் இயங்கத் தொடங்கினாலும், போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும் அவை பிந்தியே வந்தன. அதற்கு முன்பு கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் ஊர்ப் பெரியவர்களும் இருந்து பேசித் தீர்த்த வழக்கம் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஆழமாக இருந்ததனால்தானோ என்னவோ, இங்குள்ள பலர் இந்தச் சபையையும் தீர்ப்புச் சொல்லும் ஓர் இடமாகவே எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்த எண்ணம் தவறானது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான். மத்தியஸ்த சபை எதையும் தீர்ப்பதில்லை. யார் சரி, யார் பிழை, எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இரு தரப்பையும் ஒரு மேசையில் இருத்தி, அவர்களே ஒரு முடிவுக்கு வருவதற்கு உதவுவது மட்டுமே அதன் வேலை. பிணக்குக்கு அடியில் கிடக்கும் உண்மையான மனக்குறையை, அவர்களின் சம்மதத்தோடு, இயன்றவரை நீக்கி, அதே பிணக்கு மீண்டும் எழாமற் செய்யவேண்டும் என்பதும் மத்தியஸ்தர்களின் கடமையாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டுச் சட்டங்களில் இவ்வளவு மனிதத்தன்மையோடு எழுதப்பட்ட பிரிவு வேறு உண்டா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

தீர்ப்புச் சொல்லும் முறைக்குப் பெயர் நடுத்தீர்ப்பு. அதில் நீதிபதியல்லாத ஒருவரோ மூவரோ இரு தரப்பின் வாதத்தையும் ஆதாரங்களையும் கேட்டு, இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று முடிவு சொல்கிறார்கள். சில நாடுகளில் சிறிய பணவழக்குகளை நீதிமன்றமே கட்டாயமாக இந்த வழிக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1950களிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. அங்குள்ள பிலடெல்பியா நகரில் 50,000 டொலருக்கு உட்பட்ட பணவழக்கு மூன்று சட்டத்தரணிகள் கொண்ட குழுவிடம் போகும். குழுவின் முடிவை ஏற்க விரும்பாத தரப்பு 30 நாளுக்குள் மேன்முறையிட்டால், வழக்கு நீதிபதியின் முன் ஆரம்பத்திலிருந்து புதிதாக விசாரிக்கப்படும். ஒருவரும் மேன்முறையிடாவிட்டால் அந்த முடிவே தீர்ப்பாகிவிடும். அங்கே கட்டாயப்படுத்தப்படுவது மூன்றாம் ஆள் ஒருவரின் முடிவைக் கேட்பது. நம் நாட்டில் கட்டாயப்படுத்தப்படுவது வந்து பேசுவது மட்டுமே. பேசியபின் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

இனி உரக்கடைக்காரர் என்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம். தகராறு எழுந்த பகுதிக்கு, அல்லது எதிராளி வசிக்கும் பகுதிக்கு உரிய மத்தியஸ்தர் குழாத்தின் தவிசாளருக்கு அவர் எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டும். யார் யாரிடம் எவ்வளவு, எதற்காக, எந்நாளில் கொடுபடவேண்டியது என்பது அதில் தெளிவாக இருந்தால் போதும். சட்ட மொழி வேண்டாம். நீதிமன்றக் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது பன்னிரண்டு பேர் கொண்ட குழாம் ஒன்று நியமிக்கப்பட்டிருக்கும். ஓய்வுபெற்ற அதிபர்கள், ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள் என்று சம்பளமின்றிச் சேவை செய்ய முன்வந்து, அதற்கெனப் பயிற்சியும் பெற்றவர்கள் அவர்கள். அவர்களிலிருந்து மூவர் உங்கள் பிணக்கைக் கையாளுவார்கள். அந்த மூவரின் தெரிவில் இரு தரப்புக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. மற்றத் தரப்பின் மைத்துனரோ அவரிடம் கடன்பட்டவரோ அந்த மூவரில் இருந்தால், பேச்சுத் தொடங்குமுன் மரியாதையாகச் சொல்லி மாற்றிக் கேட்பதில் தவறில்லை.

சபை பெரும்பாலும் சனி அல்லது ஞாயிற்றுக்கிழமையில், ஏதாவதொரு பாடசாலைக் கட்டடத்தில் கூடும். சிறுவர்கள் இருக்கும் வாங்கில் பெரியவர்கள் இருந்து பேசுகிறார்கள். கூண்டும் இல்லை, கறுப்பு அங்கியும் இல்லை. சட்டத்தரணிகள் அங்கே யாருக்காகவும் தோன்ற முடியாது. இது ஏழைக்கு ஒரு பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் நீதிமன்றத்தில் ஒரு பக்கம் சட்டத்தரணியும் மறுபக்கம் வெறுங்கையுமாக நிற்கும் நிலை இங்கே வராது. இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சபையின் முன் நீங்கள் சொல்லும் எந்த வார்த்தையையும் பின்னர் எந்த வழக்கிலும் உங்களுக்கு எதிராகச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது. “ஓம், காசு தரத்தான் வேண்டும், ஆனால் இப்போது வழியில்லை” என்று விவசாயி சபையில் மனந்திறந்து சொன்னால், அதையே பிடித்துக்கொண்டு கடைக்காரர் நாளை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. மறைக்காமற் பேசவேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் இந்தத் திரையைப் போட்டிருக்கிறது.

பேச்சு எப்படி நடக்கும் என்பதையும் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். மத்தியஸ்தர்கள் முதலில் கடைக்காரரையும் பிறகு விவசாயியையும் இடைமறிக்காமற் பேச விடுவார்கள். தேவைப்பட்டால் ஒவ்வொருவரையும் தனியாகவும் கூப்பிட்டுக் கேட்பார்கள். கடைக்காரரின் கோபத்துக்கு 280,000 ரூபா மட்டும் காரணமாக இருக்காது. தன்னிடம் கடன் இருக்கையிலேயே அந்த விவசாயி அடுத்த போகத்துக்கான உரத்தை வேறு கடையில் கைக்காசுக்கு வாங்கினார் என்பது பெரிய காயமாக இருக்கலாம். விவசாயியின் பக்கத்திலோ, கொப்பியில் எழுதிய கணக்கில் இரண்டு அந்தர் யூரியா கூட இருப்பதாகவும், வாங்கிய நாளின் விலையை விடுத்துப் பின்னர் ஏறிய விலை போடப்பட்டிருப்பதாகவும் ஒரு சந்தேகம் இருக்கலாம். இவை வெளியே வந்து, கொப்பியும் பற்றுச்சீட்டுகளும் இருவர் முன்னிலையிலும் ஒப்பிடப்பட்டபின், தொகை 255,000 ரூபா என்று இருவரும் ஏற்றுக்கொள்ளலாம். அதில் 55,000 ரூபாவைச் சிறுபோகம் வெட்டியதும், மிகுதியை அடுத்த இரண்டு பெரும்போகங்களிலும் கொடுப்பதென்றும், அதுவரை கடைக்காரர் மேலதிக வட்டி கேட்பதில்லை என்றும் முடிவாகலாம். அறுவடையைக் கணக்கில் எடுத்துத் தவணை போடுவது மட்டக்களப்பு விவசாயியின் வாழ்க்கையை அறிந்த ஒருவருக்கே தோன்றும். மாதம் ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால், வயலில் காசு இல்லாத மாதங்களில் முதல் தவணையே தவறிவிடும்.

காசுக்கடன் ஆனால், வட்டிதான் பேச்சின் நடுவில் வந்து நிற்கும். இங்கே இரண்டு விடயங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. தனியாளிடம் வாங்கிய கடனுக்கு, நிலுவை வட்டியாக அறவிடக்கூடிய தொகை முதலின் அளவைத் தாண்டக்கூடாது என்பது இந்நாட்டின் நெடுங்காலச் சட்டம். ஒரு இலட்சம் முதலுக்கு மூன்று இலட்சம் வட்டி நிலுவை என்று ஒருவர் கேட்டால், நீதிமன்றத்தில் அது நிற்காது. அடுத்தது புறோநோட்டு எனப்படும் எழுத்து வாக்குறுதிச் சீட்டுப் பற்றியது. 1918 ஆம் ஆண்டின் காசு கடன்கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின்படி, புறோநோட்டில் உண்மையாகக் கைக்கு வந்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் ஆகிய மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கவேண்டும். கையில் 80,000 கொடுத்துவிட்டு 100,000 என்று மட்டும் எழுதிய நோட்டு நீதிமன்றத்தில் சிக்கலுக்குள்ளாகும். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. மத்தியஸ்தர்கள் இவற்றைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அறிந்திருந்தால், வழக்குக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை மனத்தில் வைத்துப் பேசலாம்.

இணக்கம் ஏற்பட்டால் அதன் நிபந்தனைகள் எழுதப்பட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டு, அதன் பிரதி உங்களுக்கும் தரப்படும். அந்தக் கையொப்பத்தின் இடத்தில்தான் நம் மக்கள் அதிகமாகத் தவறுகிறார்கள். நுண்கடன் எடுத்த பெண்கள், நிறுவனத்து உத்தியோகத்தரும் ஊராரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சத்தில், கட்டவே முடியாத வாரத்தவணைக்குத் தலையாட்டிக் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து அழுததை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம் ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மறுத்தால் பொலிசில் பிடித்துக்கொடுப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். கடனைக் கட்ட முடியாமை குற்றமல்ல. மத்தியஸ்த சபைக்கு யாரையும் கைதுசெய்விக்கும் அதிகாரமும் இல்லை. முடியாததை முடியாது என்று சபையில் சொல்வது அவமரியாதையும் அல்ல. “வாரம் ஆயிரத்துக்கு மேல் என்னால் முடியாது, அதையும் ஆவணியிலிருந்துதான் தொடங்கலாம்” என்று கணக்கோடு சொல்பவரின் பேச்சுக்கு மத்தியஸ்தர்களிடம் மதிப்பு உண்டு. வாசிக்கத் தெரியாவிட்டால் எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத வரியின் கீழ்க் கையொப்பமிடாதீர்கள்.

அழைப்புக் கிடைத்தும் எதிராளி வராவிட்டால், அல்லது வந்து பேசியும் ஒத்துப்போகாவிட்டால், சபை இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழை விண்ணப்பித்தவருக்கு வழங்கும். அதைக் கொண்டு கடைக்காரர் வழக்குப் போடலாம். போகாமல் இருந்தால் பிரச்சினை அங்கேயே செத்துவிடும் என்று நினைப்பவருக்கு உண்மையில் நடப்பது வேறு: செலவில்லாமற் பேசிக் குறைக்கக்கூடியதை, சட்டத்தரணிக் கட்டணமும் வழக்குச் செலவும் சேர்ந்த தொகையாக நீதிமன்றத்தில் சந்திக்க வேண்டியிருக்கும்.

இணங்கிக் கையொப்பமிட்டபின் ஒருவர் தவணை தவறினால் என்ன? சபையின் இணக்கப் பத்திரம் நீதிமன்றத் தீர்ப்பைப் போன்றதல்ல. அதைக் காட்டி நேரடியாக ஒருவரின் உழவு இயந்திரத்தை ஏலம் போட முடியாது. பாதிக்கப்பட்டவர் தவிசாளருக்கு அறிவிக்க, சபை இருவரையும் மீண்டும் அழைத்து, நிலைமை மாறியிருந்தால் தவணையைத் திருத்தி எழுத முயலும்; அதுவும் சரிவராவிட்டால் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும். ஏற்கனவே நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கை, இரு தரப்பின் சம்மதத்தோடு நீதிபதி சபைக்கு அனுப்பி அங்கே இணக்கம் வந்தால் நிலைமை வேறு: அந்த இணக்கம் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையாகப் பதியப்படும், தீர்ப்பைப் போலவே நிறைவேற்றவும்படும்.

நடுத்தீர்ப்பு நம் வாழ்க்கையில் இல்லவே இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு இடங்களில் அது நம்மைத் தேடி வரும். ஒன்று கூட்டுறவுச் சங்கம். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, சங்கத்துக்கும் அங்கத்தவருக்கும் இடையே கடன் முதலியவை பற்றி எழும் தகராறு பதிவாளரிடம் செல்லவேண்டும். அவர் தாமே தீர்க்கலாம், அல்லது நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அங்கே சொல்லப்படும் முடிவு கட்டுப்படுத்தும் முடிவு. கட்டாய நடுத்தீர்ப்புக்கு மிக நெருங்கிய ஒன்று நம் ஊர்ச் சங்கக் கடனிலேயே இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

மற்றது லீசிங். முச்சக்கரவண்டிக்கோ உழவு இயந்திரத்துக்கோ கையெழுத்திடும் ஒப்பந்தங்கள் பலவற்றில், தகராறு வந்தால் நடுத்தீர்ப்பாளரிடம் போகவேண்டும் என்ற வரி ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரிக்குக் கையெழுத்திட்டவர் 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். பிறகொரு நாள் கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் அறிவித்தல் வரும். அதை மத்தியஸ்த சபை அழைப்புப் போல நினைத்து மேசை இலாச்சியில் போட்டுவிட்டால், நடுத்தீர்ப்பாளர் உங்களை விட்டுவிட்டே விசாரித்து முடிவு சொல்லலாம். அந்த முடிவை மேல் நீதிமன்றத்தில் பதிந்து தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம். அதைத் தள்ளிவைக்கக் கேட்பதானால் முடிவு கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கேட்கவேண்டும். அதற்குரிய காரணங்களும் மிகச் சில, கணக்குப் பிழை என்பது அவற்றில் பொதுவாக அடங்காது. ஆகவே கடிதம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது அது எங்கிருந்து வந்தது என்பதை: சபையிலிருந்து வந்ததானால் முடிவு உங்களுடையது, நடுத்தீர்ப்பாளரிடமிருந்து வந்ததானால் முடிவு அவருடையது.

கடைசியாகக் காலக்கணக்கு. கடன் வழக்குக்குக் காலவரையறை உண்டு. அது கடனின் வகையைப் பொறுத்தது. புறோநோட்டு உள்ளிட்ட எழுத்து வாக்குறுதிக்கு ஆறு ஆண்டு, வாய்மொழிக் கடனுக்கு மூன்று ஆண்டு, ஈட்டுக்குப் பத்து ஆண்டு. நம் உரக்கடைக்காரரைப் போலக் கொப்பியில் எழுதிச் சரக்குக் கொடுத்தவருக்கோ ஒரே ஓர் ஆண்டுதான். கூலிக்கும் அதே ஓர் ஆண்டு. கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அல்லது ஒரு பகுதியைச் செலுத்தினால் கணக்கு மீண்டும் தொடங்கலாம். வாயால் ஒப்புக்கொண்டது போதாது. ஒரு போகம் போகட்டும், அடுத்த போகம் பார்ப்போம் என்று மனமிரங்கிப் பொறுத்த கடைக்காரர்கள்தான் இந்த ஓராண்டில் தங்கள் உரிமையை இழக்கிறார்கள். அதைத் தெரியாமலே இழக்கிறார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது.

சபையில் பிணக்கு இருந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. உதாரணமாக, 2024 மார்ச் 15 இல் கொடுபடவேண்டிய கடைக்கடனுக்கு 2025 மார்ச் 15 அளவில் காலம் முடிகிறது. கடைக்காரர் 2025 பெப்ரவரி 3 இல் சபைக்கு விண்ணப்பித்தால், அப்போது அவருக்கு 40 நாட்கள் மிச்சம் இருக்கின்றன. சபை ஏப்ரல் 26 இல் சான்றிதழ் கொடுத்தால், அந்த 40 நாட்களும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கி யூன் 5 அளவில் முடிந்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதே என்று அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டு ஆடிக்குப் பிறகு சட்டத்தரணியிடம் போனால், அவர் இம்முறை கேட்கும் முதற்கேள்வி சான்றிதழின் திகதி என்ன என்பதாக இருக்கும்.